அடுப்புக்கு மேல் இருந்த மூத்தவள்

அரசாங்கத்துக்கு ஒரு பொருளைச் சும்மா கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அத்திலியோ பிரவெத்தி கொடுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் எதையும் கொடுக்க முன்வந்ததாகத் தகவல் இல்லை.

எங்கள் மோந்தெகார்தோ மலைமேல் இருக்கிற சின்ன ஊர். அங்கிருந்து கடற்கரைக்கு இறங்குகிற நீல பஸ்ஸை ஓய்வு பெறும்வரை ஓட்டியவர் அத்திலியோ. போன நவம்பரில் அவர் மனைவி எர்சிலியா இறந்துபோனாள். அடக்கத்தின்போது அவர் அழவில்லை. பிறகு வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. ஊர்க்காரர்கள் வந்து தோளைத் தட்டினார்கள். வேறு யாருடைய தோளையோ தட்டுவதுபோல இருந்தது அவருக்கு. சாப்பிட்டால் ருசி தெரியவில்லை, சாப்பிடாவிட்டால் பசி தெரியவில்லை. காலையில் முகம் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஆகிவிடும். நடுவில் என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

திரியெஸ்தேயில் இருக்கிற மகள் ஒர்னெல்லா போனில் கூப்பிட்டாள். "அப்பா, அந்த வீட்டுல தனியா உக்காந்து என்ன பண்ணப்போற? இங்க வந்துடு. உனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கேன்."

சரி என்றார். அந்தச் சமையலறையைவிட்டுப் போய்விட வேண்டும் என்ற ஒன்றுதான் அப்போது அவருக்கு வேண்டியிருந்தது. போவதற்குக் குறுக்கே ஒரே ஒரு ஆள் நின்றாள். ஆணியில் தொங்கினாள் என்பதே சரி. மூத்தவள்.

ஒரு பரிமாறும் தட்டு அளவுக்குப் பாப்ளார் மரப்பலகை. அதில் ஓர் இளம்பெண்ணின் முகமும் கழுத்தும் சிவப்புச் சட்டையின் கையும். கழுத்தில் ஒற்றை முத்து. எந்தக் காலத்தில் யார் வரைந்தது, பெண் யார், யாருக்கும் தெரியாது. எர்சிலியா வீட்டுச் சொத்து. கல்யாணமாகி அத்திலியோ அந்த வீட்டுக்குள் நுழைந்தபோதே படத்துப் பெண் அடுப்புக்கு மேலே உட்கார்ந்திருந்தாள். அதனால் ஒர்னெல்லா பிறந்தபோது அவள் இரண்டாவதானாள், இவள் மூத்தவளானாள். ஒர்னெல்லா எதிர்த்துப் பேசும்போதெல்லாம் எர்சிலியா கரண்டியால் மேலே காட்டுவாள். "அக்காளப் பாரு. ஒரு நாளாவது வாயத் திறந்திருக்காளா?"

திரியெஸ்தே வீடு கடல் ஈரம் பிடித்த சின்ன வீடு. மூத்தவளுக்கு அங்கே ஒத்துக்கொள்ளாது. விற்க மகளுக்கும் மனமில்லை, அப்பாவுக்கும் மனமில்லை. ஊர் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு ரயிலேறுவது என்று முடிவாயிற்று. அருங்காட்சியகம் எங்கள் ஊரில் இருந்தாலும் அதற்கு எஜமான் மாவட்டத் தலைநகரில் இருக்கிற கலைச்செல்வப் பாதுகாப்பு மண்டல அலுவலகம். அங்கேதான் போக வேண்டும் என்றார்கள்.

எர்சிலியாவின் கம்பளிப் போர்வையில் பலகையைச் சுற்றி எடுத்துக்கொண்டு, தாம் ஓட்டிய அதே பஸ்ஸில் ஏறினார் அத்திலியோ. மூத்தவளுக்கு ஜன்னல் ஓர இருக்கை. இப்போது பஸ் ஓட்டுகிற பையன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, பொண்ணக் கூட்டிட்டு எங்க கெளம்பிட்டீங்க? மாப்பிள்ள வீடா?" என்றான்.

"அரசாங்கத்துக்குக் கட்டிக் கொடுக்கப் போறேன்" என்றார் அத்திலியோ. சிரிக்கவில்லை.

மண்டல இயக்குநர் ஸ்பினுச்சி ஒரு நல்ல மனிதர். அவருடைய சட்டை மடிப்பைப் பார்த்தாலே அது தெரியும். போர்வையை விலக்கினார், இரண்டடி பின்னால் போனார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, நீங்க என்ன காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமா?"

"அன்பளிப்பு கொண்டுவந்திருக்கேன்."

"அது அப்புறம். இத வீட்டுச் சுவத்துலேர்ந்து எடுத்தீங்களே, யார் அனுமதி?"

"ஆணியில மாட்டியிருந்தது. கழட்டினேன்."

"அனுமதியில்லாம கலைச்செல்வத்த இடம் மாத்தறது குற்றம்."

"இது கலைச்செல்வம்னு யார் சொன்னது?"

"நான்தான். இப்பத்தான். பாத்த மாத்திரத்துல."

"அப்ப நான் எடுக்கறப்போ இது வெறும் பலகதானே?"

ஸ்பினுச்சி பரிவோடு பார்த்தார். "சட்டத்துக்கு முன்னாடியும் கண்ணு உண்டு, பின்னாடியும் கண்ணு உண்டு ஐயா. நமக்குத்தான் ஒரு பக்கம்."

விஷயம் இதுதான். அன்பளிப்பை ஏற்க வேண்டுமானால் படம் அதன் சட்டபூர்வமான இடத்தில் வைத்துப் பரிசோதிக்கப்பட வேண்டும். சட்டபூர்வமான இடம் அடுப்புக்கு மேல் ஆணி. ஆகவே படம் உடனே திரும்பிப் போக வேண்டும். ஆனால் கலைச்செல்வத்தைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. அதற்கென்று குளிர்சாதன வண்டி இருக்கிறது. வண்டியிலோ அரசு ஏற்றுக்கொண்ட படங்களை மட்டும்தான் ஏற்றலாம். அதனால் அத்திலியோ நடைபாதை நாற்காலியில் மூத்தவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாள்முழுக்க உட்கார்ந்திருப்பது அவருக்குப் பழகிப்போன வேலை. அலுவலகம் மூடும் நேரத்தில் பெருக்க வந்த அம்மாள், "காலத் தூக்குங்க" என்றாள். தூக்கினார். பிறகு எழுந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு, கடைசி பஸ் பிடித்தார். அவர் வாசலைத் தாண்டும்போது அலுவலர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதற்கு மட்டுமல்ல, பார்க்காமல் இருப்பதற்கும் அங்கே பயிற்சி உண்டு.

ஒரு வாரம் கழித்து அலுவலகம் சமையலறைக்கு வந்தது. ஸ்பினுச்சியும், சுவரில் ஈரமானியைப் பொருத்த ஒருவரும், மிலேனா என்ற இளம்பெண்ணும். ஓவியங்களைப் பரிசோதிப்பதும் சுத்தம் செய்வதும் மிலேனாவின் வேலை. ஆணிக்குக் கீழே அடுப்பைக் கண்டதும் ஸ்பினுச்சி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இதுல சமைக்கிறீங்களா?"

"அடுப்பு அதுக்குத்தானே."

அன்றிலிருந்து வீட்டில் எதுவும் கொதிக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. வெந்நீரில் முகச்சவரம் கூடாது. ஈரத் துணி கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் மூச்சு விடக் கூடாது. படம் ஏற்கப்படும்வரை சட்டப்படி அத்திலியோதான் அதன் காப்பாளர். காப்பாளர் ஊரைவிட்டுப் போகக் கூடாது. காப்பாளரை நம்ப முடியாது என்பதால் ஒரு காவலாளியையும் நாற்காலியோடு அனுப்பினார்கள். அவனும் மூச்சு விட்டால் இரண்டு பேர் கணக்கு சரியாகிவிடும் என்பதால், வேறு யாரும் உள்ளே வர வழியில்லை.

அத்திலியோ எல்லாவற்றுக்கும் சரி என்றார். ரொட்டியும் குளிர்ந்த பாலாடைக்கட்டியும் சாப்பிட்டார். எதைச் சாப்பிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

அவருக்குப் பதிலாகக் கோபப்பட்டவள் எதிர்வீட்டு நசரேனா. ஒரு நாள் சுடச்சுடச் சோளமாவுக் களியும் அதன்மேல் பன்றிக்கறித் தொக்குமாக வந்தாள். வாசலிலேயே காவலாளி மறித்தான். ஆவி வருகிறதாம்.

"ஏன்டா, செத்த பொண்ணு படத்துக்கு ஆவி ஆகாது, உசுரோட இருக்கறவன் பட்டினி கெடக்கலாமா?" என்று கத்தினாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "அத்திலியோ! உனக்குக் கோவமே வராதா? ஒரு தடவ கத்தித்தான் பாரேன்!"

"எதுக்கு?"

"எதுக்காவது!"

யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. களியைக் காவலாளி மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டான். நன்றாக இருந்ததாகச் சொன்னான்.

ஒர்னெல்லா கூப்பிட்டாள். "எப்பப்பா வர்ற?"

"மூத்தவளுக்கு இன்னும் எடம் அமையல."

"அவளுக்கு அமையற வரைக்கும் உக்காந்திருந்தா உனக்கு வயசாயிடும்ப்பா."

"ஆயிடுச்சும்மா" என்றார்.

அடுத்தது, வரைந்தவர் யார் என்பதை நிர்ணயிக்கும் குழு. பேராசிரியர் கஸ்தால்தியும் பேராசிரியர் ரொவேரியும் வந்தார்கள். அத்திலியோவை வாசலுக்கு அனுப்பிய பிறகும், ஒருவர் வெளியே நின்றால்தான் இன்னொருவர் உள்ளே மூச்சு விட முடியும் என்பதால் முறைபோட்டுக்கொண்டார்கள்; அவர்கள் இருவரும் ஒரே அறையில் இருந்து பல வருஷமாகிவிட்டதால் அது வசதியாகவும் இருந்தது. கஸ்தால்தி பூதக்கண்ணாடியால் மூத்தவளின் மூக்கைப் பார்த்தார். ரொவேரி காதைப் பார்த்தார். குளிர்காலம் முழுவதும் பார்த்தார்கள். வசந்தம் வந்தபோது முடிவை அறிவித்தார்கள்: வரைந்தவர் யாரென்று தெரியவில்லை.

"இத நான் மொத நாளே சொன்னேனே" என்றார் அத்திலியோ.

"நீங்க சொன்னது அறியாமை. நாங்க சொல்றது ஆய்வு முடிவு" என்றார் கஸ்தால்தி.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கஸ்தால்தியின் தெரியாதவர் வேறு, ரொவேரியின் தெரியாதவர் வேறு. கஸ்தால்தியின் ஆள் ஃபெராராவில் தொழில் கற்றவர், இடதுகைக்காரர், சோக சுபாவம் உள்ளவர். ரொவேரியின் ஆள் ஊர்பினோக்காரர், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியவர், முட்டை என்றால் ஆகாது. இருவரும் தங்கள் தங்கள் தெரியாதவரைப் பற்றித் தடிமனான புத்தகங்கள் போட்டிருந்தார்கள். தெரியாத ஒருவரைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்திருப்பவர்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சண்டையைத் தீர்த்தவர் ஸ்பினுச்சி. மூத்தவளின் முகத்தின்மேல் தேன் நிறத்தில் மெல்லிய பூச்சு ஒன்று படர்ந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார். அப்படிப்பட்ட பொன்னிறத் திரையை எந்த ஓவியனும் போட்டதில்லை. ஆகவே இவர் மூன்றாவது தெரியாதவர். பேர் தெரியாத ஓவியர்களுக்கு அவர்கள் வேலையை வைத்துப் பட்டப்பெயர் கொடுப்பது அந்தத் துறையின் வழக்கம். ஸ்பினுச்சி தம்முடைய ஆளுக்குப் 'பொன்திரை ஆசான்' என்று பெயர் சூட்டினார். எதிரியின் ஆள் ஜெயிக்கவில்லை என்பதால் இரு பேராசிரியர்களும் கைதட்டினார்கள். வெயில்காலம் வருவதற்குள் ஸ்பினுச்சியும் ஒரு புத்தகம் போட்டுவிட்டார்.

புத்தகம் வெளியிட எங்கள் நகரசபை மண்டபத்தில் மாநாடு. அத்திலியோவுக்கு முதல் வரிசையில் நாற்காலி. நசரேனா கடைசி வரிசையில், எர்சிலியாவின் சினேகிதிகளோடு. ஸ்பினுச்சி மேடையேறினார்.

"அன்பர்களே! பெயர் தெரிந்த ஓவியனை யார் வேண்டுமானாலும் பாராட்டிவிடலாம். அதற்கு ஓர் அரசு அலுவலகம் எதற்கு? பெயர் தெரியாதவனைப் பெயர் தெரியாதவனாகவே காப்பாற்றிக் கொடுப்பதில்தான் எங்கள் பணி இருக்கிறது. நேற்றுவரை இந்தப் படத்தை வரைந்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. இன்று, எங்கள் இடையறாத முயற்சியால், யாருக்கும் தெரியாது என்பது உறுதிப்பட்டிருக்கிறது! இந்தப் பொன்திரையைப் பாருங்கள். இதில் ஓர் ஆன்மாவின் தியானம் தெரிகிறது. இதை ஒருவன் அவசரத்தில் செய்திருக்க முடியாது. நாள்தோறும், மெல்ல மெல்ல, தன்னையே கரைத்து இந்த முகத்தின்மேல் படியவிட்டிருக்கிறான்."

கைதட்டல் எழுந்தது. அடுத்து, திரையின் ரசாயனப் பரிசோதனை முடிவைப் படிக்க மிலேனாவை அழைத்தார்கள். முடிவை முன்கூட்டியே யாரும் பார்க்கவில்லை. புத்தகம் அச்சாகிவிட்டதால் பார்க்கத் தேவை இருக்கவில்லை. மிலேனா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இதுல வார்னிஷ் இல்லீங்க" என்றாள். "சேவக்கோழிக் கொழுப்பு இருக்கு. மாட்டெலும்பு மஜ்ஜை. செலரி, கேரட், வெங்காயம். பாலாடைக்கட்டியோட தோல். கொஞ்சம் ஜாதிக்காய். கிராம்பு."

பிறகு கடைசி வரிசையிலிருந்து நசரேனாவின் குரல்: "அட மாதாவே! நம்ம எர்சிலியா வெக்கிற ஞாயித்துக்கிழம சூப்பு!"

பின்வரிசைக் குரல்கள் மாநாட்டுக் குறிப்பில் பதிவாகாது என்று தலைவர் அறிவித்தார். காபி இடைவேளை விடப்பட்டது. எல்லோரும் எழுந்து போனார்கள். அத்திலியோ மட்டும் நாற்காலியைவிட்டு எழவில்லை. அவர் காதில் ஒரு சொல் மாட்டிக்கொண்டிருந்தது. கிராம்பு. அவருக்குக் கிராம்பு வாசனையே ஆகாது. கல்யாணமான புதிதில் அதைச் சொல்லி ஒரு தடவை தட்டைத் தள்ளிவிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டில் கிராம்பைக் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும், முதல்முறையாக அவரே மகளைக் கூப்பிட்டார்.

"உங்கம்மா சூப்புல கிராம்பு போடுவாளா?"

"யார் சொன்னா உனக்கு? அம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிருந்தா! வெங்காயத்துல ஒண்ணு குத்தி உள்ள போட்டுட்டு, நீ வண்டிய விட்டுட்டு வர்றதுக்குள்ள எடுத்து ஒளிச்சிருவா. 'கிராம்பு இல்லாம இந்த மனுசன் இவ்ளோ சப்புக் கொட்டுவாரா'ன்னு சிரிப்பா. யாருப்பா சொன்னா?"

"அரசாங்கம்" என்றார் அத்திலியோ.

ஒர்னெல்லா சிரித்தாள். சிரிப்பு போகப்போக அழுகையாகிவிட்டது. அத்திலியோவுக்கு இரண்டும் வரவில்லை. ஆனால் அவள் அழுது முடிக்கும்வரை போனை வைக்கவில்லை.

மறுநாள் காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூத்தவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அந்தத் தேன் நிறம். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளின் ஆவி. எர்சிலியா மூடியைத் திறந்து குனிந்து மோந்து பார்த்த ஆவி. அவளுடைய துணிமணிகளை நசரேனா கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள், வாசனை சோப்பு கரைந்துவிட்டது. இது மட்டும் இருக்கிறது. கிட்டே போய் முகர்ந்து பார்த்தார். "ஐயா, அவ்வளவு பக்கத்துல மூச்சு விடாதீங்க" என்றான் காவலாளி.

அன்று மத்தியானமே ஸ்பினுச்சி தனியாக வந்தார். சட்டையில் மடிப்பு கலைந்திருந்தது. காவலாளியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"அத்திலியோ ஐயா, நம்ம ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்ணுதான். அந்தப் பூச்சு அப்படியே இருக்கணும். உங்களுக்கு ஏன்னு எனக்குப் புரியுது. எனக்கு ஏன்னு உங்களுக்கும் புரியும், புத்தகம் ஆயிரம் பிரதி அச்சடிச்சாச்சு."

"இருக்கட்டுமே."

"இருக்கறதுக்கு ஒரு வழி இருக்கு. எழுபது வருஷத்துக்கு முந்தினதா இருந்து, செஞ்சவங்க யாருன்னு தெரியாமப் போனா, சூப்பா இருந்தாலும் கலைச்செல்வந்தான். யாரும் தொட முடியாது. செஞ்ச ஆள் தெரியலைன்னா பழசுன்னே எடுத்துக்கலாம்னு விதி சொல்லுது. வியாழக்கிழமை விசாரணை. உங்களக் கேப்பாங்க, செஞ்சது யாரு தெரியுமான்னு. தெரியாதுன்னு ஒரே வார்த்த. சூப்பும் இருக்கும், என் ஆசானும் இருப்பார்."

"தெரியும்னு சொன்னா?"

"அப்ப அது அழுக்கு. சுத்தம் பண்ணிருவாங்க."

அத்திலியோ தலையாட்டினார். ஒரு வார்த்தை. அது ஒன்றும் பெரிய காரியமில்லை. வியாழன் வரைக்கும் மூத்தவளுக்கு எதிரே உட்கார்ந்து சொல்லிப் பார்த்தார். தெரியாது. தெரியாது. வாயில் சுலபமாகத்தான் வந்தது.

நகரசபை மண்டபத்தில் நடந்த விசாரணைக்குத் தலைநகரிலிருந்து ஒரு தலைவர் வந்தார். பக்கத்தில் கஸ்தால்தி, ரொவேரி, ஸ்பினுச்சி. மிலேனா ஜன்னலோரம் நின்றாள். நசரேனாவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. உள்ளே நுழையும்போது கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள்: "தெரியாதுன்னு சொல்லித் தொலைச்சிடு, என்ன? எர்சிலியா கோவிச்சுக்க மாட்டா. அவ பாட்டுக்கு அங்கயே இருப்பா."

தலைவர் காகிதத்தைப் பார்த்துக் கேட்டார். "மேற்படி ஓவியத்தின்மீது படிந்துள்ள பூச்சை உண்டாக்கிய நபர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?"

ஸ்பினுச்சி உதட்டை அசைத்துக் காட்டினார். அத்திலியோ வாயைத் திறந்தார். கிராம்பு தெரியாமல் இருந்திருக்கலாம். இன்னும் என்னென்னவோ தெரியாமல் இருந்திருக்கலாம். அதற்காக ஆளையே தெரியாது என்று எப்படிச் சொல்வது? எழுந்து நின்றார்.

"தெரியும். எர்சிலியா. எர்சிலியா ஃபத்தோரி. என் பொண்டாட்டி."

"எப்போது காலமானார்?"

"போன நவம்பர்ல."

தலைவர் எழுதிக்கொண்டார். "எழுபது ஆண்டு பூர்த்தியாகவில்லை. செய்தவர் அறியப்பட்டவர். ஆகவே கலைச்செல்வமாகாது. வெளிப்பொருள். அகற்றப்படட்டும்."

ஸ்பினுச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டபோது அவர் வேறு மனிதர். எழுந்து சொன்னார்: "இந்தத் தீர்ப்பை அலுவலகம் வரவேற்கிறது. தெரியாதவரின் மேதைமையை இத்தனை காலம் ஒரு சூப் மறைத்துக்கொண்டிருந்தது. சமையலறைகளுக்கு எதிரான எங்கள் நிலைப்பாடு எப்போதுமே தெளிவானது. என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் இதைத்தான் சொல்லப்போகிறேன்."

வெளியே வந்ததும் நசரேனா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்த பொய் சொல்ல வரலியே உனக்கு!"

"வரல" என்றார் அத்திலியோ.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அகற்றுவதென்று தீர்மானித்துவிட்டால் அந்த அலுவலகத்தின் சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டும். அன்பளிப்பை ஏற்றுக் கையெழுத்தாயிற்று, குளிர்சாதன வண்டி வந்தது. எங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் பட்டறையில், மிலேனா குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, மருந்தில் நனைத்து, மூத்தவளின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுத்தாள். காவலாளி நாற்காலியை எடுத்துக்கொண்டு போனான். சமையலறைச் சுவரில் ஒரு வெளுத்த சதுரமும் ஆணியும் மிஞ்சின. அத்திலியோ ரயில் டிக்கெட் வாங்கினார்.

கிளம்புகிற அன்று திறப்பு விழா. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே போனார். கண்ணாடிக்குள் ஒரு பெண் இருந்தாள். ரோஜா நிறக் கன்னம், சாம்பல் நிறக் கண், பனிபோல வெளுத்த நெற்றி. நல்ல அழகி. ஏதோ பெரிய இடத்துப் பெண். அத்திலியோ அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. கீழே சின்னப் பலகையில் எழுதியிருந்தது: 'இளம்பெண் ஒருத்தி. வரைந்தவர் தெரியவில்லை. பெயர் வெளியிட விரும்பாத ஒருவரின் அன்பளிப்பு.'

"நான் அப்படிச் சொல்லலியே" என்றார் அத்திலியோ.

"விரும்பினதாவும் சொல்லலியே" என்றார் ஸ்பினுச்சி. பிறகு மேடைக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார்.

அத்திலியோ கூட்டத்தில் மிலேனாவைத் தேடிப் பிடித்தார். "அம்மா, தொடச்ச பஞ்சு இருக்கா? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"வாங்க" என்றாள்.

கீழே நிலவறையில் இரும்பு அலமாரிகள். உடைந்த கைகள், மூக்கில்லாத தலைகள், சட்டம் போன படங்கள். எல்லாவற்றிலும் சீட்டு தொங்கியது. சீட்டிலெல்லாம் 'தெரியவில்லை', 'தெரியவில்லை'. கடைசித் தட்டிலிருந்து மிலேனா ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே தேன் நிறத்தில் சின்னச்சின்னப் பஞ்சு உருண்டைகள். பையின் சீட்டில் எழுதியிருந்ததை அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். 'வெளிப்பொருள். கோழி சூப். செய்தவர்: எர்சிலியா ஃபத்தோரி.'

"செஞ்சவங்க பேர் தெரிஞ்சா எழுதியே ஆகணும், விதி" என்றாள் மிலேனா. "இந்தக் கட்டடத்துல பேர் போட்டிருக்கற ஒரே வேல இதுதான் ஐயா."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தர முடியுமா?"

"முடியாதுங்க. அரசாங்கச் சொத்து. எண்ணி வெச்சிருக்காங்க."

அத்திலியோ சரி என்று சொல்லப்போனார். மாதக்கணக்காக எல்லாவற்றுக்கும் சொன்ன சரி. ஆனால் அது வரவில்லை. எர்சிலியா ஃபத்தோரி என்று சீட்டைப் பார்த்து ஒரு தடவை உரக்கப் படித்தார். இரண்டாவது தடவை படிக்கும்போது குரல் உடைந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நவம்பரில் அழ வேண்டியதை அழுதார். மேலே மண்டபத்தில் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது.

மிலேனாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைக்குட்டை இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து புதுப் பஞ்சு கொஞ்சம் பிய்த்துக் கொடுத்தாள். அவர் கண்ணையும் கன்னத்தையும் துடைத்துவிட்டு, ஈரப் பஞ்சை எங்கே போடுவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் அதை வாங்கினாள். பையின் வாயைப் பிரித்து உள்ளே போட்டு, திரும்ப ஒட்டினாள்.

"கணக்குல ஒண்ணு கூட வருமேம்மா."

"வரட்டும். குழு போட்டுக் கண்டுபிடிக்கட்டும்."

அத்திலியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். ரயிலடிக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. படியேறப்போனவர் நின்று திரும்பினார். வயிற்றுக்குள் என்னவோ செய்தது. என்னவென்று புரிய அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"இங்க பக்கத்துல சூடா சாப்பிட ஏதாவது கெடைக்குமா?" என்று கேட்டார். "பசிக்குது."